இத்தா வீட்டுக் குழாய்

1. போன்

“தங்கச்சி, நீ பொம்பள பிளம்பர்தான? கூட ஆம்பளைங்க யாரும் வரமாட்டாங்கல்ல?”

போனை எடுத்து ஹலோ சொல்வதற்குள் இந்தக் கேள்வி வந்துவிட்டது. வயதான குரல். பின்னால் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இந்தத் தொழிலில் ரொம்ப வருஷம் இருந்துவிட்டதால் அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். அது சொட்டுகிற குழாய் இல்லை, ஓடுகிற குழாய்.

“நான் ஒண்டியாத்தானுங்கம்மா வருவேன். என்ற பேரு சரசு. எங்க ஒழுகுதுங்க?”

“பாத்ரூம்ல. கைப்புடி இறுகிப் போச்சு. தொறக்கவும் மாட்டீங்குது, மூடவும் மாட்டீங்குது. டேங்க்ல ஊத்தற தண்ணி பொழுதோட காலியாயிருது. வேற ஆளக் கூப்புட முடியாது. நான் இத்தாவுல இருக்கேன்.”

முஸ்லிம் வீடுகளில் கணவன் இறந்துவிட்டால் மனைவி நாலு மாதச் சொச்சம் வீட்டை விட்டு வெளியே வரமாட்டார், வெளி ஆண்கள் முன்னால் நிற்கமாட்டார். அதுதான் இத்தா. பாலக்காட்டு எல்லையோரம் இருக்கும் எங்கள் பெருமாட்டிப் பக்கத்தில் ராவுத்தர் குடும்பங்கள் நிறைய உண்டு என்பதால் இது எனக்குப் புதிதில்லை. அந்தச் சமயத்தில் ஆண் பிளம்பரை உள்ளே விடுவதில்லை என்று சில வீடுகளில் கண்டிப்பாக இருப்பார்கள். அப்படிப்பட்ட வீடுகள், பெண்கள் ஹாஸ்டல்கள், தனியாக இருக்கும் டீச்சர்மார்கள், இவர்கள்தான் என்னைக் கூப்பிடுகிறவர்கள். மற்றவர்களுக்குப் பொம்பளை பைப் ரெஞ்சு பிடிப்பது இன்றைக்கும் வேடிக்கைதான். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று, “பாத்துங்க்கா, பலமாத் திருகுனா ஒடஞ்சிரும்” என்று எனக்கே சொல்லிக்கொடுக்கும் அறிவாளிகள் எத்தனை பேர்! பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொள்வேன். சில நாள் கடிக்க மாட்டேன். “அப்ப நீங்களே திருகுங்க” என்று ரெஞ்சைக் கையில் கொடுத்துவிடுவேன்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை ஒன்றும் பெரிதில்லை. எங்கள் தோப்பில் போர்வெல் வற்றியது. ஆழப்படுத்தினோம், மறுபடியும் வற்றியது. தென்னைகள் ஒவ்வொன்றாக மண்டை காய்ந்தன. அந்த வருஷம் பஞ்சாயத்தில் பெண்களுக்குப் பிளம்பிங் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று மெம்பர் வந்து சொன்னார். தண்ணீர் இல்லாத ஊரில் குழாய் வேலை படித்தவள் நான். சிரிப்பவர்கள் சிரிக்கலாம், நானே சிரித்திருக்கிறேன்.

வீட்டுக்கு வழி கேட்டேன். சொன்னார். போனை வைக்கப்போகும்போது அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று சொன்னார்.

“என்ற மவன் ஞாயித்துக்கெழம வருவான் தங்கச்சி. அதுக்குள்ள ஒழுகறத நிறுத்திக் குடுத்துரு. இல்லீன்னா என்னைய இந்த ஊட்ல இருக்க விடமாட்டான்.”

2. முழுக் குழாயையும் மாற்றினால் என்ன?

வீடு தோப்புக்கு நடுவில் இருந்தது. ஓட்டு வீட்டின் பின்பக்கம் கான்கிரீட் போட்டு பாத்ரூமும் சமையலறையும் கட்டியிருந்தார்கள். மேலே கறுப்புத் தண்ணீர் டேங்க். அந்த அம்மா பெயர் மைமூன். வெள்ளைச் சேலை, தலையில் முக்காடு, கையில் வளையல் இல்லை. கதவைத் திறந்தவர் முதலில் எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

பாத்ரூமுக்குள் போனதும் எனக்கு அடி ஆத்தி என்று ஆகிவிட்டது. வாளி, அண்டா, குண்டா, கொப்பரைக் களத்திலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் டிரம் என்று இருக்கிற பாத்திரமெல்லாம் அங்கேதான். குழாயிலிருந்து பென்சில் பருமனுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வாளி நிறைந்ததும் எடுத்து டிரம்மில் ஊற்றுவது, டிரம் நிறைந்ததும் செடிக்கு ஊற்றுவது, அதற்கும் மேல் போனால் பின்சுவரை நனைத்துக்கொண்டு சாக்கடைதான். அவர் தூங்குவதே இல்லை என்று கண்ணைப் பார்த்தால் தெரிந்தது.

“ஒளு எடுக்கற கொழா இது” என்றார். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவதை ஒளு என்பார்கள். “ஒரு செம்புத் தண்ணியில முடியற காரியம். இப்ப ஒவ்வொரு நேரமும் நான் தொழுவுறப்ப இங்க தண்ணி வீணா ஓடற சத்தம் காதுல விழுது. அல்லா கேப்பான்ல?”

அந்த வீட்டு போர்வெல் எங்கள் தோப்பைப் போலவே கை விரித்துவிட்டது. லாரித் தண்ணீர்தான். காலையில் லாரிக்காரர் டேங்க்கை நிரப்பிவிட்டுப் போவார். மாலைக்குள் அது இந்தக் குழாய் வழியாகப் போய்விடும்.

மகனைப் பற்றி வேலைக்கு நடுவே அவரே சொன்னார். மூத்தவர் அப்பாஸ் கோயம்புத்தூரில் துணிக்கடை வைத்திருக்கிறார். சின்னவர் வெளிநாட்டில். கணவர் ஹனீபா ராவுத்தர் கொப்பரை வியாபாரி, திடீரென்று நெஞ்சு வலித்து மவுத்தாகிவிட்டார். அன்றிலிருந்து அப்பாஸ் வரும்போதெல்லாம் ஒரே பேச்சு. ‘தண்ணி நிக்காத ஊட்ல நீங்க எப்படிம்மா ஒண்டியா இருப்பீங்க? இத்தா முடிஞ்சதும் கோயமுத்தூர் வந்துருங்க.’ குழாயைச் சரி செய்யச் சொன்னால், ‘இத்தாவுல ஆம்பளப் பிளம்பர எப்படிம்மா உள்ள விடறது? முடியட்டும், பாத்துக்கலாம்’ என்பாராம்.

“கொழா நின்னுட்டா அவனுக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல பாத்துக்க” என்றார் மைமூன் அம்மா. “தண்ணி நிக்குதல்ல, நான் இருக்கறேன்னு சொல்லிப்புடுவேன். நான் இந்த ஊட்டுக்கு வந்ததுக்குப் பொறவு ஒரு ராத்திரிகூட வேற எடத்துல தங்குனதில்ல தங்கச்சி. அந்தப் பிளாட்ல மருமவ எந்திரிக்கறதுக்கு முன்னால நான் எந்திரிச்சு எங்க போய் உக்காருவேன்?”

இதைக் கேட்ட பிறகு வேலை எனக்கும் சொந்த வேலை மாதிரி ஆகிவிட்டது. அது தப்பு என்று பயிற்சியில் சொல்லித்தந்தார்கள். சொல்லித்தருகிறவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

இந்தத் தொழிலுக்கு வரப்போகும் இளம் பெண்கள் இந்த இடத்தில் கேட்பீர்கள், குழாயை அப்படியே கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டினால் என்ன என்று. நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் சுவருக்குள் போவது பழைய ஜி.ஐ. இரும்புப் பைப். டைல்ஸ் ஓரத்தில் துரு வழிந்து கறை பிடித்திருந்தது. குழாயின் உடம்பை ரெஞ்சால் பிடித்து ஒரு நூல் திருப்பிப் பார்த்தேன். உள்ளே கரகரவென்றது. உடனே கையை எடுத்துவிட்டேன். குழாயையும் பைப்பையும் இணைக்கும் நிப்பிள் சுவருக்குள் ஒடிந்தால் டைல்ஸை உடைக்க வேண்டும், சுவரை வெட்ட வேண்டும், கொத்தனார் வர வேண்டும். கொத்தனார் என்றால் ஆண். இத்தா முடியும்வரை அந்த வீட்டில் தண்ணீரே இருக்காது.

ஆகவே ஒரே வழிதான். உடம்பை அசைக்காமல் கைப்பிடியை மட்டும் கழற்ற வேண்டும். கைப்பிடி வந்தால்தான் அதற்குக் கீழே இருக்கும் நட்டைத் திறந்து, உள்ளே சுற்றும் தண்டான ஸ்பிண்டிலை வெளியே எடுத்து, வாஷரை மாற்ற முடியும்.

3. எண்ணெயும் எம்சீலும்

அது பழைய பித்தளைக் குழாய். நாலு கை வைத்த கைப்பிடி. நல்ல நிலையில் இருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் மேல் மூடியை நெம்பி, அடியிலுள்ள ஸ்க்ரூவைக் கழற்றி, கைப்பிடியை மேலே தூக்கினால் வந்துவிடும். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

இங்கே மூடியையே காணோம். மூடி இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி, ஒழுகலை அடைக்கப் பிசைந்து ஒட்டுவார்களே அது. எம்சீல். கைப்பிடியின் கழுத்தைச் சுற்றியும் அதே. அதன்மேல் உப்புத் தண்ணீரின் வெள்ளைச் சுண்ணாம்பு பொரிந்திருந்தது. அதற்கும் மேல் பழுப்பாக, பிசுபிசுவென்று, மெழுகும் இல்லாமல் சோப்பும் இல்லாமல் ஒரு பூச்சு.

“எந்தப் புண்ணியவானுங்க இத அப்பி வெச்சது? கையில கெடச்சா கட்டி வெச்சு ஒதைக்கலாம்!” என்றேன்.

மைமூன் அம்மா அந்தக் கட்டியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, “அவருதான்” என்றார்.

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. இத்தா வீடு என்பதையும் மறந்து லேசாகச் சிரித்துவிட்டார்.

“கைப்புடி வழுக்கி வழுக்கிச் சுத்துச்சு. பிளம்பருக்குச் சொல்லுங்கன்னேன். இதுக்கெல்லாம் எதுக்கு ஆளுன்னு அவரே கடையில வாங்கியாந்து பெசஞ்சு ஒட்டுனாரு. கெட்டிக்காரத்தனம் பண்றதுன்னா அவருக்கு அம்புட்டு ஆசை. ஒதைக்கணும்னு எனக்கும் தோணியிருக்குது, போ.”

“சரிங்க, இந்தப் பிசுபிசுப்பு?”

“அது நானு. இறுகறப்பல்லாம் தேங்காயெண்ண உடுவேன்.”

தலையில் அடித்துக்கொண்டேன். இது எங்கள் ஊர் வியாதி. கதவு கிறீச்சிட்டால் தேங்காயெண்ணெய், தையல் மிஷின் திணறினால் தேங்காயெண்ணெய், பூட்டுக்கும் தேங்காயெண்ணெய், முட்டிக்கும் தேங்காயெண்ணெய். கொப்பரை வியாபாரி வீட்டில் கேட்கவே வேண்டாம். குழாய்க்கு மட்டும் அதை ஊற்றக் கூடாது. எங்கள் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்போடு அந்த எண்ணெய் சேர்ந்தால் நாளடைவில் பசை மாதிரி கெட்டிப்பட்டு மரையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இளக்க ஊற்றியதே இறுக்கிவிடும். போதாததற்கு, சுண்ணாம்பைக் கரைக்க வினிகர் ஊற்றினால் அந்த எண்ணெய்ப் படலம் வினிகரையும் உள்ளே விடாது. இந்த விஷயத்தை எந்தப் பயிற்சியிலும் சொல்லவில்லை. இந்தப் பக்கத்து வீடுகளில் அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலில் தண்ணீரை நிறுத்த வேண்டும். மொட்டை மாடியில் டேங்க்குக்குக் கீழே இருந்த கேட் வால்வைத் திருப்பினேன். அது பாட்டுக்குச் சுற்றியது, தண்ணீர் பாட்டுக்கு ஓடியது. கெரகம்! வேறு வழியில்லாமல் தென்னை மட்டை ஒன்றைச் சீவி, நுனியில் பழைய துணியைச் சுற்றி, டேங்க்குக்குள் தோள்வரை கையை விட்டு, வெளியே போகும் ஓட்டையில் செருகி அடைத்தேன். பங்குனி வெயிலில் மாடித் தளம் காலைச் சுட்டது. இறங்கி வந்து பார்த்தால் ஓட்டம் நின்று சொட்டாகியிருந்தது. மைமூன் அம்மா குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நின்னுருச்சே!”

“இது நின்னதில்லைங்கம்மா. மேல அடச்சு வெச்சிருக்கறேன், அவ்வளவுதான்.”

வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் வைத்து எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்து எடுத்தேன். பழைய ஸ்க்ரூ டிரைவரைக் காஸ் அடுப்பில் பழுக்கக் காட்டி எம்சீலில் வைத்தால், அது இளகும், நாறும், கொஞ்சம் வரும். ஆறிவிட்டால் மறுபடியும் கல். அடுப்புக்கும் பாத்ரூமுக்கும் நடந்து நடந்து கால் ஓய்ந்தது. எம்சீலைச் சுரண்டி முடித்து ஸ்க்ரூவைப் பார்த்தால் அதன் தலையில் பிளவே இல்லை, துரு தின்றுவிட்டது. ஹேக்சா பிளேடை ஒடித்து, துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, அந்தத் தலையில் புதிதாக ஒரு பள்ளம் அறுத்தேன். விரலில் ரத்தம் வந்தது. ஸ்க்ரூ அசையவில்லை.

மத்தியானத்துக்கு மேல் எனக்கே நம்பிக்கை போய்விட்டது. அந்த ஈரத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். எத்தனை குழாயைத்தான் கழற்றுவது? வரும் தண்ணீரில் இருக்கும் உப்பு எல்லாவற்றையும் தின்றுகொண்டே இருக்கிறது. இன்றைக்கு மாற்றுகிற வாஷரையும் அது தின்னும். ஊரே ஓட்டை டேங்க் மாதிரி இருக்கும்போது நான் மட்டும் துணி சுற்றிய மட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்று அழுகையே வந்துவிட்டது.

மைமூன் அம்மா பால் இல்லாத கட்டன் சாயா கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். “ஆகாதா தங்கச்சி?” என்று கேட்டார். அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை.

“ஆகும்னு சொல்லமாட்டனுங்க. நாளைக்கு ஒருக்கா பாக்கறேன்” என்றேன்.

வினிகரில் நனைத்த துணியைக் கைப்பிடியின் கழுத்தில் கட்டி, அதன்மேல் பிளாஸ்டிக் பையை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டு வந்தேன். டேங்க் அடைப்பை எடுக்க வேண்டாம் என்று சொன்னேன். வேண்டியதை டிரம்மிலிருந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

4. டக்

மறுநாள் போனபோது ஸ்க்ரூ திரும்பியது. பெரிய சந்தோஷமெல்லாம் வரவில்லை. ஸ்க்ரூ வந்தாலும் கைப்பிடி ஸ்பிண்டிலை விடாது என்று எனக்குத் தெரியும். பயந்தது போலவே அது அப்படியே உட்கார்ந்திருந்தது.

இந்த மாதிரி இடத்தில் சுத்தியலால் அடிப்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். அடி கைப்பிடியில் விழும், ஒடிவது சுவருக்குள் இருக்கும் நிப்பிள். நான் ஆட்டோ வொர்க்‌ஷாப்பில் பேட்டரி டெர்மினல் கழற்ற வைத்திருப்பார்களே, அந்தச் சின்னப் புல்லர் ஒன்றைப் பையில் வைத்திருக்கிறேன். இரண்டு கொக்கிக் கால்கள் கைப்பிடிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும், நடுவில் இருக்கும் போல்ட் ஸ்பிண்டிலின் தலையை அமுக்கும். போல்ட்டைத் திருகத் திருகக் கைப்பிடி மேலே இழுபடும். ஆனால் திருகும்போது குழாயின் உடம்பும் கூடவே சுற்றப் பார்க்கும். அதை ஒருவர் எதிர்ப்பக்கம் ரெஞ்சு போட்டு அசையாமல் பிடிக்க வேண்டும். எனக்கு இரண்டு கைதான்.

“நான் புடிக்கறேன்” என்றார் மைமூன் அம்மா.

“கனமா இருக்குமுங்க.”

“கொப்பர மூட்டை தூக்குன கை இது. குடு இங்க.”

முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் ரெஞ்சைப் பிடித்தார். நான் போல்ட்டைக் கால் சுற்றுத் திருகினேன். நிறுத்தினேன். வெந்நீர் ஊற்றினேன். மறுபடியும் கால் சுற்று. அவர் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். ரெஞ்சு ஒரு தடவை நடுங்கியது, சுவருக்குள் கரகரப்பு கேட்டது. போச்சு என்றுதான் நினைத்தேன். ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த கால் சுற்றில் டக் என்றது. கைப்பிடி புல்லரோடு சேர்ந்து என் கையில் வந்துவிட்டது. உள்ளே ஒட்டியிருந்த எம்சீலும் சுண்ணாம்பும் எண்ணெய்க் கட்டியும் பொலபொலவென்று உதிர்ந்தன.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபம். நட்டைத் திறந்து ஸ்பிண்டிலை எடுத்தேன். வாஷர் தேய்ந்து கல்லாகியிருந்தது. மாற்றினேன். மரையைப் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்து, ஸ்பிண்டிலின் கழுத்தில் இருக்கும் கிளாண்டில் புது நூல் சுற்றி, எல்லாவற்றையும் மாட்டினேன். பழைய கைப்பிடியின் பல் தேய்ந்திருந்ததால் பையில் இருந்த வேறொரு கைப்பிடி போட்டேன். மாடிக்குப் போய் அடைப்பை எடுத்துவிட்டு வந்தேன்.

“மூடுங்கம்மா” என்றேன்.

அவர் பழக்கத்தில் பலத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தார். “அய்யோ, ரெண்டு வெரல் போதுமுங்க!” என்று நான் கத்தினேன். இரண்டு விரலால் திருப்பினார். தண்ணீர் நின்றது. ஒரு சொட்டு விழவில்லை.

அவர் குழாயைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு என் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து தன் நெற்றிப்பொட்டில் நெட்டி முறித்தார்.

“ஞாயித்துக்கெழம வரட்டும். அவன் மொகத்தப் பாக்கணும் எனக்கு” என்றார்.

5. அப்பாஸ் பாய் கூப்பிட்டது

அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. இத்தா முடிந்திருக்கும் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்த சமயம் அது. அப்பாஸ் பாயே போன் செய்தார்.

“அக்கா, நீங்கதான எங்கம்மா ஊட்டுக் கொழாயைச் சரி பண்ணுனது? நொம்ப நல்ல வேலைங்க. மத்த கொழாய்களையும் ஒருக்கா வந்து பாத்துக் குடுங்க.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா ஜெயித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். மகன் மனசு மாறி வீட்டைச் செம்மைப்படுத்துகிறார், அம்மாவை அங்கேயே இருக்க விடப் போகிறார். ஸ்கூட்டரில் போகும்போது வழியெல்லாம் அதுதான் ஓடியது.

வாசலில் கார் நின்றது. பின்பக்கச் சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். ஒழுகல் ஓடிக்கொண்டிருந்தபோது சுவரில் ஊறியிருந்த ஈரக்கறை இப்போது தெரியவில்லை. உள்ளே அப்பாஸ் பாய் ஒவ்வொரு குழாயாகத் திறந்து மூடி போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

“எதுக்குங்க பாய் வீடியோ?”

“வாங்கறவங்களுக்கு அனுப்பணுமுங்க. பாலக்காட்டுப் பார்ட்டி. மொதல்ல வெளியில வந்து பாத்துட்டு, சொவரெல்லாம் ஈரம், உள்ள பைப்பு போயிருச்சு போலன்னு பின்வாங்கிட்டாங்க. ஒழுகல் நின்னு சொவரு காஞ்சதப் பாத்துட்டுத்தான் சரின்னாங்க. அடுத்த வாரம் ஆதாரம் பதியறோம்.”

ஆதாரம் என்றால் இங்கே கிரயப் பத்திரம். நான் கையில் ஸ்பேனரோடு அப்படியே நின்றேன்.

“அம்மா இங்கயே இருப்பாங்கன்னுதானுங்க பாய் நான் நெனச்சேன். ஒழுகறது நின்னா இருக்கலாம்னு சொன்னாங்க.”

அவர் போனைக் கீழே வைத்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். அப்படி இருந்திருந்தால் நன்றாகத் திட்டிவிட்டாவது வந்திருப்பேன்.

“அக்கா, ஒழுகறது ஒண்ணுதானா? போர்ல தண்ணியில்ல. லாரிக்காரன் ரெண்டு நாள் வரலீன்னா என்ன பண்ணுவாங்க? நெஞ்சு வலிச்சா யாரு தூக்கிட்டுப் போவாங்க? அத்தாவுக்கு, எங்கப்பாவுக்கு, நெஞ்சு வலி வந்தப்ப இந்தத் தோப்புக்குள்ள வண்டி வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்க. எனக்கு மட்டும் வெசனம் இல்லியா? வேற எதச் சொன்னாலும் அம்மா அழுவாங்க. கொழாயைச் சொன்னா அழமாட்டாங்க. அதான் கொழாயைச் சொன்னேன்.”

அவர் சொன்னதில் பொய் எது என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அவர் போன் பேச வெளியே போனதும் மைமூன் அம்மா பாத்ரூம் கதவோரம் நின்று கையசைத்தார். போனேன். இப்போது வெள்ளைச் சேலை இல்லை, சாதாரண நீலச் சேலை. கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

“தங்கச்சி, இது மறுபடியும் ஒழுகற மாதிரி பண்ண முடியுமா?”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

“அடுத்த வாரம் வரைக்கும் போதும். அவங்க வந்து பாக்கறப்ப ஓடிட்டிருந்தாப் போதும். வேண்டாம்னு போயிருவாங்க.”

“முடியுமுங்கம்மா” என்றேன். “இப்பக் கைப்புடி சொன்ன பேச்சுக் கேக்கும். வாஷர எடுத்தா ஆச்சு.”

சொல்லிக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மூடியை நெம்பிவிட்டேன். அது சரியா தப்பா என்று யோசிக்கவே இல்லை. அந்த நிமிஷத்தில் அவர் அந்தச் சுவரையே உடை என்று சொல்லியிருந்தாலும் உடைத்திருப்பேன். ஸ்க்ரூ இரண்டு சுற்று வந்தது.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கொப்பரை மூட்டை தூக்கிய அந்தக் கையில் இப்போது பலமே இல்லை.

“வேண்டா. உட்ரு.”

“ஏனுங்கம்மா?”

“ஓடற சத்தம் மறுபடியும் கேட்டா என்னால தொழ முடியாது. எனக்காவ அத்தன தண்ணிய எப்படி ஓட உடறது? உட்ரு தங்கச்சி.”

ஸ்க்ரூவை முடுக்கி மூடியைப் போட்டேன். அவர் அழவில்லை, நான்தான் அழுதேன். வெளியே மகன் கூப்பிட்டார். முக்காட்டைச் சரி செய்துகொண்டு, “வர்றேன்ப்பா” என்று போய்விட்டார்.

6. இனி வருகிறவர்களுக்கு

இறுகிப்போன கைப்பிடியில் எண்ணெய் இருந்தால் முதலில் சோப்பு போட்டு அதை எடுங்கள், பிறகு வினிகர். எம்சீலுக்குச் சூடு. சுத்தியல் வேண்டவே வேண்டாம், புல்லர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சுவருக்குள் பழைய பைப் என்றால் உடம்பைப் பிடிக்க இன்னொரு கை இல்லாமல் தொடாதீர்கள். ஆத்திரப்பட்டால் ஒரு நாள் விட்டுவிட்டு மறுநாள் போங்கள். தொழில் விஷயம் இவ்வளவுதான். செய்யச் செய்ய உங்களுக்கே கை படிந்துவிடும்.

தொழிலில் சேராத ஒன்றும் உண்டு. அந்த வீட்டில் நான் செய்த வேலையில் இன்றைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது. அந்த வேலைதான் அந்த அம்மாவை அங்கிருந்து கிளப்பியது. செய்யாமல் விட்டிருந்தாலும் என்ன, ஒழுகுகிறது என்று சொல்லியே கூட்டிப் போயிருப்பார்கள். இதை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் நல்லதாக முடியும் பக்கம் ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்த வீட்டிலும் பையைத் திறப்பதற்கு முன்னால், “இது சரியாச்சுன்னா என்ன ஆகுமுங்க?” என்று கேட்கிறேன். பதில் தெரிந்து நான் எதையும் தடுத்துவிடப் போவதில்லை, கேட்காமல் கை வரமாட்டேன் என்கிறது. எல்லோரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, “ஒழுகாது, வேற என்ன ஆகும்?” என்கிறார்கள்.